வாக்களிக்காத பிரதமர்: அட்மிரல் சுசுகி கன்டாரோவும் ஜப்பானின் சரணடைவும்

முன்னுரை

1889இல் அறிவிக்கப்பட்ட மெய்ஜி அரசியலமைப்பின் கீழ் ஜப்பானில் ஆறு கடற்படை அட்மிரல்கள் பிரதமர் பதவி வகித்தனர். அவர்களுள் கடைசியானவர் சுசுகி கன்டாரோ (1868–1948). படைத்துறையினர் அரசியலில் இறங்கலாகாது என்று உறுதியாக நம்பிய அவரே, போரின் இறுதி நான்கு மாதங்களில் நாட்டை நடத்த நேர்ந்தது. அந்த நம்பிக்கை அவரது ஆட்சியை எவ்வாறு வழிநடத்தியது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

கடலில் கழிந்த காலம்

1887இல் கடற்படைக் கல்லூரியில் தேறிய சுசுகி, 1895இல் சீனாவின் வெய்ஹாய்வெய் துறைமுகத்தின் மீதான டார்பிடோ படகுத் தாக்குதலில் பங்கேற்றார். 1905இல் ரஷ்யக் கடற்படையை வீழ்த்திய சூஷிமா போரில் நாசகாரிக் கப்பல் அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். 1918இல் பயிற்சிக் கப்பல்களுடன் சான் பிரான்சிஸ்கோ சென்றபோது, பசிபிக் பெருங்கடல் வணிகத்துக்கே உரியது என்றும், அதைப் படை நடத்தும் வழியாக்கினால் இரு நாடுகளும் வானத்தின் தண்டனைக்கு ஆளாகும் என்றும் பேசினார். 1923இல் அட்மிரலானார்; 1925இல் கடற்படைத் தலைமைத் தளபதியானார்.

அரண்மனையும் துப்பாக்கியும்

1929இல் பேரரசர் ஹிரோஹிட்டோவின் அரண்மனைத் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். 1930ஆம் ஆண்டின் லண்டன் கடற்படை ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் அவரைப் பகைவராகவே கருதினர். 1936 பிப்ரவரி 26 அன்று கிளர்ச்சி செய்த இளம் இராணுவ அதிகாரிகளின் ஆட்கள் அவரது வீட்டில் புகுந்து சுட்டனர். குற்றுயிராகக் கிடந்தவரை முடித்துவிட வேண்டாம் என்று மனைவி தாக்கா மன்றாடியதால் உயிர் தப்பினார். முன்னாள் பிரதமரான அட்மிரல் சைத்தோ மகோத்தோ அன்றே கொல்லப்பட்டார்.

அதே ஆண்டில், பணியில் உள்ள படை அதிகாரிகளே இராணுவ, கடற்படை அமைச்சர்களாக இருக்க வேண்டும் என்ற விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தன் அமைச்சரை விலக்கிக்கொண்டு எந்த அமைச்சரவையையும் கவிழ்க்கும் வலிமையை இராணுவம் இதனால் பெற்றது. சுசுகியின் பிற்கால நடவடிக்கைகளைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

பிரதமர் பதவி

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஓக்கினாவாவில் இறங்கியிருந்தது. பதவியேற்கத் தயங்கிய 77 வயது சுசுகியைப் பேரரசரே நேரில் வேண்டிக்கொண்டார். அமைச்சரவை அமைந்த ஏப்ரல் 7 அன்றுதான் யமாத்தோ போர்க்கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. ஐந்து நாட்களில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது, எதிரி நாட்டுத் தலைவருக்குச் சுசுகி இரங்கல் தெரிவித்தார்.

வெளியே இறுதிவரை போர் என்று முழங்கியவர், உள்ளே சோவியத் ஒன்றியத்தின் சமரச உதவியை நாடினார். இந்த இரட்டை நிலையின் விலை ஜூலை 28 அன்று வெளிப்பட்டது. ஜப்பான் சரணடைய வேண்டும் என்று நேச நாடுகள் கோரிய போட்ஸ்டாம் அறிக்கையைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது அவர் சொன்ன 'மொகுசாட்சு' என்ற சொல்லுக்குப் பேசாமல் புறக்கணித்தல் என்று பொருள். நேச நாடுகள் அதை மறுப்பாகவே கொண்டன. ஆயினும் அணுகுண்டு வீசுவதற்கான உத்தரவு ஜூலை 25 அன்றே பிறப்பிக்கப்பட்டிருந்ததால், பேரழிவு முழுவதையும் அந்த ஒரு சொல்லின் மீது சுமத்த இயலாது.

ஆகஸ்ட் 9 நள்ளிரவுக் கூட்டம்

ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் அழிந்து, சோவியத் படையும் போரில் இறங்கிய பின் பேரரசர் முன்னிலையில் கூட்டம் கூடியது. வெளியுறவு அமைச்சர் தோகோ, கடற்படை அமைச்சர் யோனாய், ஆலோசனை மன்றத் தலைவர் ஹிரானுமா ஆகியோர் பேரரசர் பதவியைக் காக்கும் ஒரே நிபந்தனையுடன் சரணடைய இசைந்தனர். இராணுவ அமைச்சர் அனாமியும் இரு படைத் தலைமைத் தளபதிகளும் நான்கு நிபந்தனைகளை வலியுறுத்தினர். மூன்றுக்கு மூன்று. சுசுகி தன் வாக்கைச் செலுத்தியிருந்தால், தோற்ற தரப்பு அமைச்சரவையைக் கவிழ்க்க வழி பிறந்திருக்கும். அவர் எழுந்து, முடிவைப் பேரரசரிடம் ஒப்படைத்தார். ஆகஸ்ட் 10 அதிகாலையில் பேரரசர் தோகோவின் பக்கம் நின்றார். 14 அன்று இறுதி முடிவு உறுதியானது. மறுநாள் விடியலில் போரைத் தொடர விரும்பிய கும்பல் சுசுகியின் வீட்டுக்குத் தீ வைத்தது; அவர் தப்பினார். அன்றே அமைச்சரவை பதவி விலகியது.

முடிவுரை

அரசியலிலிருந்து விலகி நிற்கும் இயல்பு சுசுகிக்குப் பலமாகவும் குறையாகவும் இருந்தது. ஜூலையில் தெளிவாகப் பேசாதது அவரது பெரும் பிழை. அதற்கு மக்கள் தம் உயிரால் விலை கொடுத்தனர். ஆகஸ்ட்டில் வாக்களிக்காமல் இருந்ததோ அவரது பெரும் சாதனை. அமைச்சரவை உடையாமல் போர் முடிந்தது அதனால்தான். இரண்டையும் ஒருசேர எடைபோடாமல் அவரைப் பற்றி எழுதப்படும் எந்த வரலாறும் முழுமை பெறாது.