டிமான்டி துரையின் கல்லறை

பேய்ப்படம் என்றால் எனக்குச் சிறு வயது முதலே ஒரு சபலம் உண்டு. கதை எழுதிப் பிழைப்பவன் இப்படிப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளலாமா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். 1990-இல் வெளிவந்த ‘13-ஆம் நம்பர் வீடு’ படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவு, கொல்லைப்புறம் போவதற்கு அம்மாவை எழுப்பிய பையன் நான். அந்தப் பையன் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே, 2024 ஆகஸ்டு 15-ஆம் தேதி ‘டிமான்டி காலனி’யின் இரண்டாம் பாகம் வெளியானபோது, கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செங்கற்பட்டில் ஒரு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். யாருக்கு யார் துணை என்று கேட்காதீர்கள்.

அஜய் ஞானமுத்து இயக்கிய முதல் பாகம் 2015-இல் வந்தது. நான்கு நண்பர்கள் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் நுழைகிறார்கள். ஒரு சங்கிலி அங்கிருந்து அவர்களோடு வந்துவிடுகிறது. பிறகு தங்கள் சொந்த அறையை விட்டே வெளியேற வழியில்லாமல் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நம் பழைய படங்களில் வெள்ளைப் புடவை கட்டி உலாவிய உருவமெல்லாம் கடைசியில் மனிதச் சூழ்ச்சி என்று முடியும். 1966-இல் வந்த ‘யார் நீ?’ அந்த வகை. 2007-இல் ‘முனி’ தொடங்கிவைத்த வரிசையில் பேய் மெய்யாகவே பேய்தான். ஆனால் அது அநியாயமாகச் செத்த ஆவி. பழி தீர்ந்ததும் மலையேறிவிடும். நடுநடுவே சிரிக்கவும் இடம் கொடுக்கும். டிமான்டியிடம் இந்த ஆறுதல்கள் கிடையா. ஓர் அறை, ஒரு கதவு, திறக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான்! அந்தச் சிக்கனம்தான் என்னை நடுங்க வைத்தது.

இரண்டாம் பாகத்தில் சிக்கனம் போய்விட்டது. அருள்நிதிக்கு இரட்டை வேடம். கணவனைப் பறிகொடுத்த பெண்ணாகப் பிரியா பவானி சங்கர். ஒரு புத்தகம், பௌத்தத் துறவிகள், இன்னும் என்னென்னவோ. ஆளும் இடமும் பெருகப் பெருக அச்சம் நீர்த்துப் போகிறது என்பது என் கட்சி. ஆனாலும் சாம் சி. எஸ். இசை திடீரென்று இடிக்கிற இடங்களில், “மாமா, கையை விடுங்க, நகம் குத்துது” என்று பையன் முனகியதை மறைப்பதற்கில்லை.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அவன் கேட்டான்: “டிமான்டின்னு நிஜமாவே ஒருத்தன் இருந்தானா மாமா?”

“இருந்தார். நம்ம மாவட்டத்துலதான் புதைச்சிருக்கு” என்றேன். பையன் கையிலிருந்த தேநீர் தளும்பியது.

ஜான் டிமான்டி போர்த்துக்கீசிய வழியில் வந்த வணிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பெரும் பணக்காரர்களில் ஒருவர்; ஆர்பத்நாட் கம்பெனியில் பங்காளி. (அந்தக் கம்பெனி 1906-இல் திவாலாகிச் சென்னையில் எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியதே, அதுவல்லவா திகில் கதை! அப்போது டிமான்டி இறந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.) மனைவி சித்தம் கலங்கியவர், ஒரே மகன் இளமையிலேயே போய்விட்டான் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1821-இல் அவர் மறைந்தபோது, சொத்தை மயிலைக் கத்தோலிக்கத் திருச்சபையிடம் அறப்பணிகளுக்காக விட்டுச் சென்றார். ஆழ்வார்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய காலனி அந்த நிலத்தில் எழுந்ததுதான். பின்னாளில் குடியிருந்தவர்கள் வெளியேற, வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டை ஊர் சும்மா விடுமா? விளக்கு எரிந்தது என்றார்கள், கதவு தானே திறந்தது என்றார்கள். சினிமா அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டது; கூடவே பெயரையும் எடுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கிருந்து வடக்கே கடலோரமாகக் கோவளம். மாமல்லபுரத்தில் சற்று இறங்கி மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் பையனை அழைத்துப் போனேன். எருமைத்தலை அசுரன் பின்வாங்குகிறான். ஆனால் கதாயுதத்தைக் கைவிடவில்லை, நிமிர்வும் குறையவில்லை. தோற்கப்போகிறவனுக்கும் அந்தப் பல்லவச் சிற்பி ஒரு மரியாதை வைத்திருக்கிறான். படத்தில் டிமான்டிக்கு அது கிடைக்கவில்லையே என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

கோவளத்துக்கு அச்சம் புதிதல்ல. நவாபு காலத்தில் சாதத் பந்தர் என்று பெயர் பெற்ற துறைமுகம் அது. 1752-இல் அங்கிருந்த கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அதைப் பிடிக்கக் கிளைவ் 500 புதுச் சிப்பாய்களையும் 200 ஆங்கிலேயப் புது ஆட்களையும் கொண்டு வந்தார். கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒருவனைச் சாய்த்ததும் மற்றவர்கள் திரும்பி ஓட்டம் பிடித்தார்களாம். இன்னொரு சமயம் பீரங்கிச் சத்தத்துக்கே அரண்டு ஓடிய காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்கள் என்று மெக்காலே எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பயந்தாங்கொள்ளிகளை வைத்துக்கொண்டே கிளைவ் கோவளத்தைப் பிடித்தார். பின் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். கிணற்றுக்குள் இருந்தவன்மீது எனக்கு அனுதாபம் உண்டு. அவனுக்கு அக்காள் மகன் துணைக்கு இல்லை.

கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல். சற்றுத் தள்ளி, மீனவர் குடியிருப்பின் அருகே, கார்மேல் மாதா ஆலயம். டிமான்டியின் உதவியால் எழுந்த கோயில்; அவர் அடங்கியிருப்பதும் அங்கேதான். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் விசாரித்தோம்.

“துரை கல்லறைதானே? படம் வந்ததிலேயிருந்து புள்ளைங்க வந்து வந்து கேக்குது” என்றார் அவர்.

“படம் நீங்க பாத்தீங்களாம்மா?”

“என் பேரன் பாத்தான். ராத்திரி தூங்கலை. காலையில கூட்டியாந்து இங்க நிக்க வச்சேன். ‘இந்தக் கோயிலுக்குச் செஞ்சவருடா இவரு, கும்பிட்டுக்கோ’ன்னேன். அப்புறம் தூங்கினான்.” பெருக்கியதைக் குவித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: “பேயாக்க அவங்களுக்கு வேற ஆளா கெடைக்கலை?”

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. நானும் கதை எழுதுகிறவன். செத்தவர்களுடைய பெயர்களையும் முகங்களையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டவன். வாரிசு என்று ஒருவர் இருந்தால் நோட்டீசு விட்டிருப்பார். சொத்தை எல்லாம் ஊருக்கு எழுதிவைத்தவருக்காகப் பரிந்து கேட்க, கையில் துடைப்பத்தோடு இந்த அம்மாள்தான் இருக்கிறார்.

பையன் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கைகட்டி நின்றான். கடற்காற்றில் ஒரு சன்னல் படீரென்று அடித்துக்கொண்டது. இருவருமே துள்ளிவிட்டோம். அம்மாள் சிரித்துக்கொண்டே போய்க் கொக்கியை மாட்டினார்.

திரும்பும் வழியில் பையன் கேட்டான்: “மூணாம் பாகம் எடுத்தா போவீங்களா மாமா?”

“முதல் நாளே போவேன்” என்றேன். “நீயும் வரணும்.”