நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் மால்குடி

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். மற்ற மாவட்டங்களுக்கு இடையிடையே தளர்த்தினார்கள். கொழும்புக்கு மே மாதக் கடைசி வரை விடிவு கிடைக்கவில்லை. அந்தக் கிழமைகளில் வெள்ளவத்தை ப்ளாட்டுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் அடைபட்டுக் கிடந்த எங்கள் வயதுக்காரர்கள் பலர் புதிய தொடர் எதையும் தேடிப் போகவில்லை. சின்ன வயதில் பார்த்த 'மால்குடி டேஸ்' தொடரை யூடியூபில் தேடிப் பிடித்து மறுபடியும் பார்த்தோம். கதை தெரியும். முடிவும் தெரியும். வெளியே அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியாத நேரத்தில், முடிவு தெரிந்த கதை பெரிய ஆறுதல்.

அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எந்த அங்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், ஏன் அவற்றையே பார்க்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தோம். அதற்கு முதலில் அந்த ஊர் எங்களிடம் வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும்.

மால்குடி என்று ஓர் ஊர் இல்லை. 1930இல், விஜயதசமி நாளில், பெங்களூரில் ஓர் இளைஞர் ஒரு கொப்பி வாங்கி எழுத உட்கார்ந்தார். அவருக்கு முதலில் தோன்றியது ஒரு சின்ன ரயில் நிலையம். அந்த நிலையத்துக்கு வைத்த பெயர்தான் மால்குடி. எழுதியவர் ஆர். கே. நாராயண். 1906இல் சென்னையில் பிறந்தவர், வீட்டில் தமிழ் பேசியவர், மைசூரில் வாழ்ந்தவர், எழுதியது ஆங்கிலத்தில். அந்தக் கொப்பியில் வளர்ந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் கையெழுத்துப் பிரதி இங்கிலாந்தில் கிரஹாம் கிரீனின் கைக்குப் போய், அவருடைய சிபாரிசில் 1935இல் லண்டனில் அச்சேறியது.

ஐம்பது வருடங்கள் கழித்து, கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் அந்தக் கதைகளைத் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். இல்லாத ஊருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், ஓயாமல் மழை பெய்யும் ஆகும்பே கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்து அரசாளு ரயில் நிலையம் மால்குடி நிலையமானது. 2020இல் அந்தப் பழைய நிலையக் கட்டடத்தை மால்குடி பெயரிலேயே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். நாராயணின் தம்பி ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த சித்திரங்களோடு ஒவ்வோர் அங்கமும் தொடங்கும். சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அவனுடைய தகப்பனாக கிரிஷ் கர்நாட். சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30ஆம் திகதி வீதி விபத்தில் இறந்துபோனார். வயது 35 மட்டும்தான். பின்னர் 2006இல் கவிதா லங்கேஷ் இன்னும் 15 அங்கங்கள் எடுத்தார். ஆனால் எங்கள் நெஞ்சில் இருப்பது சங்கர் நாக்கின் மால்குடிதான்.

எங்களிடம் அது வந்தது ரூபவாஹினி வழியாக. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானின் உதவியோடு தொடங்கிய ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த என்ற மனிதர் இருந்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படத்துக்குப் படத்தொகுப்புச் செய்தவர். பிறநாட்டுத் தொடர்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் வேலையை ஒரு கலையாகவே ஆக்கியவர். ஜப்பானின் 'ஒஷின்' இந்த நாட்டு வீடுகளில் ஒரு பிள்ளையானதும் அந்த வழியாகத்தான். மால்குடியும் அப்படித்தான் சிங்களம் பேசிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் பெற்றோருக்கு வானொலி இருந்தது. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நாடகத்தை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் மரிக்காராக வந்தவர் ராம்தாஸ், ஐயராக வந்தவர் அப்துல் ஹமீட். ஒருவர் பேச்சை இன்னொருவர் எடுத்துப் பேசிய காலம் அது. எங்களுக்குக் கிடைத்தது சிங்களம் பேசிய சுவாமி. பாடப்புத்தகத்தில் படித்த சிங்களத்தைவிட அவனிடம் பிடித்த சிங்களம்தான் பஸ்ஸில் கைகொடுத்தது.

இனி அங்கங்களுக்கு வருவோம்.

ஒன்று: 'வீரன்'. புலியோடு சண்டை போட்ட ஒரு கிராமத்துப் பையனைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறார் தகப்பன். பலத்தைவிடத் துணிச்சல்தான் முக்கியம் என்கிறார். சுவாமி வாய் காட்டுகிறான். அப்படியென்றால் இன்றிரவு என் அலுவலக அறையில் தனியாகப் படு என்கிறார். பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்தும் பயனில்லை. நடுச்சாமத்தில் இருட்டில் ஏதோ அசைகிறது. பேய்தான் என்று நினைத்துப் பயத்தில் அதன் காலைக் கடித்துவிடுகிறான். பிடிபட்டது ஊரே தேடிக்கொண்டிருந்த திருடன்! விடிந்ததும் சுவாமி வீரன். பொலிசில் சேர வா என்கிறார் இன்ஸ்பெக்டர். சரி என்று தலையாட்டுகிறான், மனதுக்குள் ரயில் எஞ்சின் ஓட்டுவதா, பஸ் கண்டக்டர் ஆவதா என்ற கணக்கு. அன்றிரவு மறுபடியும் பாட்டியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

இதைப் பார்த்தால் எங்கள் வீடுகளில் சிரிப்பு அடங்காது. பாட்டி என்ற இடத்தில் உம்மும்மாவைப் போட்டால் அப்படியே எங்கள் வீடு. ஆனால் ஆசிரியரான பிறகு வேறொன்றும் தெரிகிறது. பிள்ளை ஒரு நாள் துணிந்துவிட்டான் என்பதற்காக நாராயண் அவனைப் பெரியவனாக்கிவிடவில்லை. பயந்த பிள்ளை அடுத்த நாளும் பயப்படலாம், அதற்கு இடம் உண்டு. தவணைப் பரீட்சையில் ஒருமுறை கூடிய புள்ளி எடுத்த பிள்ளையை ஒவ்வொரு தவணையும் அதே இடத்தில் நிற்க வைக்கிற எங்களுக்கு இது தேவையான பாடம்.

இரண்டு: 'ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்'. கிரீட்டம் என்ற குக்கிராமத்து முனிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வழியில் வந்த அமெரிக்கருக்கு ஆங்கிலம் மட்டும்தான். வெள்ளைக்காரர் கேட்பது ஊர் எல்லையில் நிற்கும் மண் குதிரைச் சிலையை. முனி நினைப்பது தன் இரண்டு ஆடுகளுக்கு விலை பேசுகிறார் என்று. நூறு ரூபாய் கை மாறுகிறது. இருவருக்கும் பரம திருப்தி.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்த முனியின் கதையை நாராயண் ஆங்கிலத்தில் எழுதினார். சங்கர் நாக் ஹிந்தியில் எடுத்தார். தமிழ்ப் பிள்ளைகளான நாங்கள் சிங்களத்தில் பார்த்தோம்! தமிழ் முனி எங்களிடம் வந்தபோது அவனிடம் தமிழ் இல்லை. ஆனாலும் அவனை எங்களுக்கு உடனே புரிந்தது. தெரியாத மொழியில் அச்சடித்த படிவத்தைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் நிற்கிற எங்கள் மூத்தவர்கள் எல்லோரும் முனிகள்தான். கதையில் அந்தப் புரியாமை இரண்டு ஆட்டோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் சிரிக்க முடிகிறது.

மூன்று: 'வராத கடிதம்'. தபால்காரர் தானப்பா தெருவில் எல்லோருடைய சுகதுக்கமும் அறிந்தவர். ராமானுஜத்தின் மகளுக்குக் கல்யாணம் சரிவர அலைந்து ஆலோசனை சொன்னவரும் அவர்தான். மே 20 கல்யாணம். அதைத் தவறவிட்டால் மாப்பிள்ளை கையை விட்டுப் போய்விடுவார். அதற்கு முன்னால் உறவினர் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று கடிதம் வருகிறது, பிறகு மரணத் தந்தி. தானப்பா இரண்டையும் கொடுக்காமல் வைத்திருந்து, கல்யாணம் முடிந்த பிறகு கொண்டுவந்து கொடுக்கிறார். முறைப்பாடு செய்தால் வேலை போய்விடும், செய்யுங்கள் என்கிறார். ராமானுஜம் செய்யவில்லை.

வகுப்பில் விவாதம் நடத்த இதைவிட நல்ல கதை எங்களுக்குக் கிடைக்கவில்லை. தானப்பா செய்தது சரியா? பாதி வகுப்பு சரி என்னும். மீதிப் பாதி, சாகப் போகிறவரைப் பார்க்கிற உரிமையை அவர் எப்படிப் பறிக்கலாம் என்று கேட்கும். வெளிநாட்டில் உறவுள்ள பிள்ளைகள்தான் இரண்டாவது பக்கத்தில் கூடுதலாக நிற்பார்கள். மய்யித்துச் செய்தியும் சாவுச் செய்தியும் தொலைபேசியில் மட்டுமே வந்து சேர்ந்த வீடுகள் அவர்களுடையவை.

நான்காவதாக, நாங்கள் திரும்பப் பார்க்காத அங்கம் ஒன்று: 'ஈஸ்வரன்'. பரீட்சையில் வருடா வருடம் தோற்கும் இளைஞன். பெறுபேறு வரும் நாளில் எல்லோரும் பல்கலைக்கழக வாசலுக்குப் போக, அவன் படக்கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். கடைசியில் இரவில் தனியாகப் போய்ப் பார்க்கிறான். இரண்டாம் வகுப்பில் சித்தி. அந்த மகிழ்ச்சியை அவன் மனம் தாங்கவில்லை. குதிரைமேல் போவதாக நினைத்துக்கொண்டு சரயு ஆற்றுக்குள் பாய்ந்துவிடுகிறான்.

ஆறுதலுக்காகப் பார்க்கிற தொடரில் இது ஏன் என்று சின்ன வயதில் கோபம் வந்தது. இப்போது வேறு காரணத்துக்காகத் தவிர்க்கிறோம். சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளில் தொலைபேசியை எடுக்காத பிள்ளை எது என்று பார்க்கிற வேலை எங்களுடையது. ஆசிரியர் கலாசாலையில் கட்டிளமைப் பருவ மனஅழுத்தத்துக்கு வரைவிலக்கணம் படித்தோம். அதைவிட ஈஸ்வரன் கற்றுத் தந்தது அதிகம். தோல்வி நாளில் மட்டும் பிள்ளையைத் தேடினால் போதாது. வருடக்கணக்காக வீடும் தெருவும் கேலி செய்த பிள்ளைக்கு வெற்றியையும் தனியாகத் தாங்க முடியாது. பெறுபேறு வருகிற நாளில் உங்கள் பிள்ளை எந்தப் புள்ளி எடுத்தாலும் பக்கத்தில் இருங்கள்.

ஐந்து: 'சுவாமியும் நண்பர்களும்' கதையின் கடைசிப் பகுதி. பொலிஸ் அதிகாரியின் மகன் ராஜம், கிரிக்கெட் போட்டியைத் தவறவிட்ட சுவாமியோடு கோபமாக இருக்கிறான். தகப்பனுக்கு இடமாற்றம் வந்துவிடுகிறது. மன்னிப்புக்கு நேரமில்லை. சுவாமி தன்னிடம் இருந்த அண்டர்சன் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடுகிறான். ரயில் நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் மணி அதை ராஜத்தின் கையில் சேர்க்கிறான். கடிதம் எழுதுவானா என்று சுவாமி கேட்கிறான். எழுதுவான் என்கிறான் மணி. அவன் முகத்தைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்க சுவாமியால் முடியவில்லை.

வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடும் ரயிலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் எங்கள் வகுப்புகளில் ஒரு திங்கட்கிழமை ஒரு வாங்கு வெறுமையாக இருக்கும். கனடாவோ லண்டனோ என்று பிறகுதான் தெரியவரும். முதல் நாள் சொல்ல மாட்டார்கள், சொல்லக்கூடாது என்று வீட்டில் கட்டளை. வடக்கிலிருந்து வந்து ப்ளாட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டுப் போனவர்கள், இங்கேயே பிறந்தவர்கள், இரண்டு வகையும் போனார்கள். சண்டை பிடித்த மறுநாளே போனவர்களும் உண்டு. புத்தகம் கொடுக்க ஓடுவதற்கு எங்களுக்கு ரயில் நிலையம் ஒன்று இருக்கவில்லை.

தொடரின் இசையைப் பற்றி ஒரு செய்தியை எங்களில் பலர் வளர்ந்த பிறகுதான் அறிந்தோம். பாட்டும் வார்த்தையும் வேண்டாத அந்த மெட்டை அமைத்தவர் எல். வைத்தியநாதன். வயலின் மேதை எல். சுப்ரமணியத்தின் அண்ணன். அவர்களுடைய தகப்பனார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். குடும்பம் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் கலவரம். அந்தக் கலவரத்தோடு குடும்பம் இந்த நாட்டை விட்டுப் புறப்பட்டது. வைத்தியநாதனுக்கு அப்போது 16 வயது.

அந்தப் பையன் வளர்ந்து, இல்லாத ஓர் ஊருக்கு மெட்டுப் போட்டான். மொழியின் பெயரால் அவர்களை விரட்டிய நாட்டுக்கே அந்த மெட்டு ரூபவாஹினியில், சிங்களக் குரல்களோடு திரும்பி வந்தது. அதை எங்களுக்குக் கொண்டுவந்து தந்ததும் அந்த மொழியை உயிராக நேசித்த ஒரு சிங்களக் கலைஞர்தான். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் வரலாறு ஆகாது. எங்கள் தலைமுறையின் ஆறுதலுக்குள் ஒரு வெளியேற்றமும் ஓர் அன்பளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

இப்போது எங்கள் வகுப்புகளில் வாங்குகள் மறுபடியும் வெறுமையாகின்றன. 2022 நெருக்கடிக்குப் பிறகு போகிறவர்களில் எல்லா மொழிக்காரரும் இருக்கிறார்கள். ஒரு வித்தியாசம், இப்போது பிள்ளைகள் போகுமுன் சொல்கிறார்கள். ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பயண ஆயத்தத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, பிள்ளையைக் கடைசியாக ஒருமுறை பாடசாலைக்கு அனுப்புங்கள். கோபமாக இருக்கிற கூட்டாளி ஒருவன் இருந்தால் அவனிடம் கட்டாயம் அனுப்புங்கள். கையில் ஒரு கதைப் புத்தகமும் இருந்தால் நல்லது.