சங்கிலியும் முக்கோணமும்



பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள குன்றுக்கும் இடையே இன்று கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அவ்வெளியில் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியொன்று விரிக்கப்பெற்றது. இந்தியப் பெருநிலத்தை முக்கோணங்களால் அளந்த மாபெரும் பணியின் தொடக்கம் அதுவே. தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் படைவீரர்.

அச்சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாக ஆங்கிலத் தூதுக்குழுவினர் கொண்டு சென்றது. அவர் வேண்டாமென்று மறுத்துவிடவே, கைமாறி லாம்டனிடம் வந்து சேர்ந்தது. பேரரசர் மறுத்தது நமக்கு வாய்த்த நற்பேறு போலும்! வெயிலில் எஃகு நீளும். நீண்டால் அளவு பிழைபடும். ஆதலின் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் அமைத்து, அருகில் வெப்பமானிகளையும் வைத்தனர். இவ்வாறு நானூறு முறை சங்கிலி இடப்பெற்று, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அளந்து முடிந்தது. சித்திரை வெயிலில் அப்பணியைச் செய்த கூலியாட்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

ஒரே ஒரு கோட்டை இத்துணைப் பாடுபட்டு அளப்பானேன்? ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். பின்னர்ச் சங்கிலிக்கு வேலை குறைவு. கோணம் அளக்கும் கருவிக்கே வேலை. அரை டன் எடையுள்ள அக்கருவியை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். பின்னர்ப் பெருந்தன்மையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தனர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதனை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து கருவி சிதைந்தது. லாம்டன் சோர்ந்துவிடாமல் தாமே வாரக்கணக்கில் அமர்ந்து அதனைச் செப்பனிட்டார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று கருதப்பட்ட தொலைவு, உண்மையில் 360 மைலே என்று அவருடைய முக்கோணங்கள் காட்டின. நாற்பது மைல் நிலம் படத்திலிருந்து மறைந்தது!

இனி, தாம்பரத்தை அடுத்த முடிச்சூருக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு நவம்பரிலும் மீண்டும் டிசம்பரிலும் அவ்வூர் வெள்ளத்தில் மூழ்கியது. தெருக்களில் படகுகள் ஓடின. அப்போது எங்கும் எழுந்த பேச்சு செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியதே. ஆனால் படத்தை விரித்துப் பாருங்கள். அவ்வேரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலையருகில்; முடிச்சூரோ அதற்கு மேலே, ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் நீர் வரும் வழியில் இருக்கிறது. சென்னை நகரின் வெள்ளத்துக்குச் சொல்லும் காரணத்தை அப்படியே முடிச்சூருக்கும் சொல்லுதல் பொருந்தாது. எந்த ஏரியின் கலங்கலைக் கவனிப்பது, எந்தக் கால்வாயைத் தூர்வாருவது என்பதெல்லாம் இவ்வேறுபாட்டைப் பொறுத்தவை.

இக்காலத்தில் இதனை ஆராய்வோர் கணிப்பொறியில் படங்களைக் கண்ணாடித் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். பழைய அளவைப் படத்தின் ஏரியும் வாய்க்காலும் ஓர் அடுக்கு. இன்றைய தெருக்கள் ஓர் அடுக்கு. நிலத்தின் ஏற்றத்தாழ்வு மற்றோர் அடுக்கு. இதற்கான மென்பொருள்களுள் சில இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரி மாணவர் எவரும் பயிலலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொதுப்படத்தின்மீது, நீர் சூழ்ந்த சென்னைத் தெருக்களை மக்களே குறித்துக் காட்டினர்.

எனினும் ஒரு குறை உண்டு. 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்த நில உயரங்கள் யாவர்க்கும் கிடைப்பவை. ஆனால் அவற்றில் சில மீட்டர் வரை பிழை இருக்கும். மலைநாட்டில் அது பெரிதன்று. முடிச்சூர் போன்ற சமவெளியிலோ ஒரு மீட்டர் உயரமே வீடு நனைவதையும் நனையாததையும் முடிவு செய்கிறது. ஆகவே அங்கே கருவியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக நடக்க வேண்டியிருக்கிறது; வீட்டுச் சுவர்களில் வெள்ளம் விட்டுச் சென்ற கறையின் உயரத்தையும் அளவுகோல் வைத்துக் குறிக்க வேண்டியிருக்கிறது.