வெள்ளங்கியும் மகுடமும்

1923-ஆம் ஆண்டில், பம்பாய் நகரத்து அப்துல் ரஹ்மான் தெருவில், கல்கத்தாவில் பல் வைத்தியம் பயின்று தேறிய முஸ்லிம் மாது ஒருவர் தமக்கெனத் தனியே ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். குடும்பப் பெண்கள் கோஷாத் திரையை விலக்கிக்கொண்டு வீதிக்கு வருவதே அபூர்வமாயிருந்த அந்நாளில், அந்நியரை வாய் திறக்கச் சொல்லிப் பல்லைப் பிடுங்கும் தொழிலை ஒரு கௌரவமான வீட்டுப் பெண் ஏற்றுக்கொள்வதற்கு எத்தகைய துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை இன்று நாம் ஊகித்துத்தான் உணர வேண்டும். பகலெல்லாம் தம் வைத்தியசாலையில் நோயாளிகளைக் கவனித்துவிட்டு, மாலை வேளைகளில் தோபி தலாவ் நகரசபை மருந்தகத்தில் ஏழைகளுக்கு ஊதியம் பெறாமல் சேவை செய்துவந்த அந்த மாது, முகம்மது அலி ஜின்னாவின் இளைய சகோதரி பாத்திமா ஜின்னா ஆவார். 1929 பிப்ரவரியில் ஜின்னாவின் மனைவி ரத்தன்பாய் இளம் வயதிலேயே காலமானார். சகோதரரின் இல்லத்தையும் அவருடைய சிறு மகளையும் கவனிப்பாரில்லை என்ற நிலை ஏற்பட்டது. பாத்திமா வைத்தியசாலையை மூடிவிட்டுச் சகோதரரின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அதன்பின் அத்தொழிலுக்கு அவர் திரும்பவேயில்லை.

பாகிஸ்தானின் பெண் வைத்தியர்களுடைய சரித்திரத்தை இந்த மூடப்பட்ட கதவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. 'தேசத்தின் அன்னை' என்று பிற்காலத்தில் அந்நாட்டார் போற்றிய பாத்திமா ஜின்னா, 1965 ஜனவரியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அயூப் கானை எதிர்த்து நின்று அதிகார பீடத்தையே கலங்க வைத்த தீரர். அவருடைய தியாகத்தைக் குறை சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. ஆயினும், அவர் ஆற்றிய தேசத்தொண்டைப் பாடப்புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதும் அந்நாடு, அவர் கற்ற வித்தையையும் அதை அவர் கைவிட நேர்ந்த விதத்தையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. கற்பதற்கு அனுமதி உண்டு, கற்றதைக் கைக்கொண்டு நடத்துவதற்கு வீட்டின் தேவை முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் நியதி, அந்தத் தலைமுறையோடு முடிந்துபோகவும் இல்லை.

உபகண்டத்தில் பெண்கள் வைத்தியம் கற்பதற்குச் சமூகம் இசைந்ததன் காரணம் ஒன்றைச் சற்று நின்று கவனிப்பது அவசியம். ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதைவிடப் பெண் சாவதே மேல் என்று எண்ணிய குடும்பங்கள் இந்து சமூகத்திலும் முஸ்லிம் சமூகத்திலும் ஏராளமாக இருந்தன. 1885-இல் வைஸ்ராயின் மனைவியான டஃபரின் சீமாட்டி, விக்டோரியா ராணியின் விருப்பத்தை நிறைவேற்றும் பொருட்டுத் தொடங்கிய நிதி, இந்தியப் பெண்களுக்குப் பெண் வைத்தியரைக் கொண்டே சிகிச்சை அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. எடுல்ஜி தின்ஷா என்னும் பார்சி கனவானின் கொடையால் கராச்சியில் எழுந்த டஃபரின் மருத்துவமனை இன்றும் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, திரையைக் கிழிப்பதற்காக அன்றி, திரையைக் காப்பதற்காகவே பெண் வைத்தியர் வேண்டப்பட்டார். அவருடைய வெள்ளங்கிக்கு ஊரார் தலைவணங்கியதன் ரகசியமும் இதுதான்.

1947-இல் தேசம் இரண்டானபோது, லாகூரின் இந்து, சீக்கிய வைத்தியர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டங்கூட்டமாக எல்லை கடந்தனர்; எதிர்த்திசையிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள், புண்ணோடும் காலராவோடும் கர்ப்பத்தோடும் அந்நகரத்துக்குள் வந்து சேர்ந்தனர். முகாம்களில் பெண்களுக்குச் சிகிச்சை செய்யப் பெண்கள் போதவில்லை. பிரதம மந்திரியின் மனைவி பேகம் ரானா லியாகத் அலி கான் பெண் தொண்டர் படை திரட்டி முதலுதவியும் செவிலியமும் கற்பித்தது அந்த நெருக்கடியிலேதான். 1948-இல், மாணவர் கலைந்துபோன பாலக் ராம் வைத்தியக் கல்லூரியின் கட்டடத்தில், பெண்களுக்கென்றே ஒரு வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் பாத்திமா ஜின்னா வைத்தியக் கல்லூரி. மாணவிகள் தொழில் பழகியது பக்கத்திலிருந்த சர் கங்காராம் மருத்துவமனையில். ஓர் இந்துப் பொறியாளர் 1921-இல் தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஸ்தாபித்த மருத்துவமனை அது, பெயரும் மாற்றப்படவில்லை. பல் வைத்தியசாலையை மூடிய ஒரு பெண்ணின் பெயரால் எழுந்த அக்கல்லூரியிலிருந்து ஆயிரக்கணக்கான பெண் வைத்தியர்கள் வெளிப்பட்டனர் என்பதை நினைக்கையில் மனம் பூரிக்கிறது.

ஆனாலும், ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கல்லூரிகளில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் நெடுங்காலம் சொற்பமாகவே இருந்தன. ஆணைவிட மிகுந்த மதிப்பெண் பெற்ற பெண் வெளியே நிற்க, குறைந்தவன் உள்ளே போனான். இதை எதிர்த்து மாணவிகள் தொடுத்த வழக்கில், அரசியல் சாசனம் உறுதியளித்த சமத்துவத்துக்கு இம்முறை விரோதமானது என்று 1990-இல் பாகிஸ்தான் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதி ஒன்றே அளவுகோல் என்றானதும் நிகழ்ந்தது என்ன? சில ஆண்டுகளில் வகுப்புகளில் பெண்களே பெரும்பான்மையோராயினர். பத்து மாணவரில் ஏழு பேர் பெண்கள் என்னும் அளவுக்கு அவ்விகிதம் உயர்ந்தது. இதைக் கண்டு அஞ்சிய வைத்தியக் கவுன்சில், 2014-இல் ஆணுக்குப் பாதி பெண்ணுக்குப் பாதி என்று வரம்பு கட்ட முற்பட்டு, அதுவும் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. கவுன்சிலின் வாதம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை. படித்துப் பட்டம் பெறும் பெண்களில் மிகப் பலர் தொழில் செய்வதில்லை என்பதே அதன் வாதம். அது கண்கூடான உண்மை. ஆனால் நோய்க்கு அது கண்ட மருந்துதான் விபரீதமானது.

தொழிலை அவர்கள் ஏன் விடுகிறார்கள்? கராச்சியிலும் லாகூரிலும் கல்யாணப் பேச்சு நடக்கும் கூடங்களில், 'டாக்டர் பஹு', அதாவது டாக்டர் மருமகள், வேண்டும் என்று கேட்கும் மாமியார்கள் அநேகர். மணமகள் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவளாயிருப்பது குடும்பத்துக்குப் பெருமை. நிக்காஹ் அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சிடுவதில் ஓர் ஆனந்தம். மணம் முடிந்ததும், இரவு நேரப் பணி வேண்டாம், அந்நிய ஆடவரோடு அறுவைக்கூடத்தில் நிற்க வேண்டாம், குழந்தை பிறக்கட்டும், வளரட்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிபந்தனைகள் வந்து சேர்கின்றன. ஐந்தாண்டுக் கல்வியும், அதன்பின் ஓராண்டு 'ஹவுஸ் ஜாப்' என்னும் கடும்பயிற்சியும் பெற்ற வெள்ளங்கி அலமாரிக்குள் போகிறது.

அந்த ஓராண்டின் இயல்பைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையின் மகப்பேற்று வார்டில், நெரிசல் மிகுந்த நாட்களில் ஒரே கட்டிலில் இரண்டு கர்ப்பிணிகள் கால்மாற்றிப் படுத்திருப்பார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு, இருபத்து நான்கு மணி நேரத்தையும் தாண்டி நீளும் 'டியூட்டி'யில் ஓர் இளம் பெண் கட்டிலுக்குக் கட்டில் செல்வாள். நெடுந்தூரக் கிராமத்திலிருந்து மிகத் தாமதமாக வந்து சேர்ந்த ஒருத்திக்கு ஏற்பட்ட ரத்தப்போக்கை நிறுத்த, வெளியே காத்திருக்கும் கணவனிடமும் மைத்துனனிடமும் ரத்தம் கொடுக்கும்படி மன்றாடுவாள். 2019-இல் அந்நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வு, ஒரு லட்சம் பிரசவத்துக்கு 186 தாய்மார் மரணமடைவதாகக் கணக்கிட்டது. பலுசிஸ்தானத்தில் அது 298. இந்த மரணங்களுக்கு நடுவே, பயிற்சி பெற்ற பெண் வைத்தியர் வீட்டில் தேநீர் பரிமாறிக்கொண்டிருக்கும்படி நேர்வது எவ்வளவு பெரிய தேச நஷ்டம்! அவ்வாறு வீட்டோடு இருந்த வைத்தியர்களைக் காணொளி வாயிலாகக் கிராமத்து மருந்தகங்களோடு இணைக்கும் 'செஹத் கஹானி' என்னும் நிறுவனத்தை டாக்டர் சாரா சயீத் குர்ரமும் டாக்டர் இஃபத் ஜாஃபரும் தொடங்கியது, எனக்குத் தெரிந்தவரையில், இந்த நஷ்டத்துக்கு அந்நாடு கண்ட மிகச் சிறந்த விடைகளுள் ஒன்று.

இத்தகைய தேசத்தில்தான், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் அணிந்த ஒருத்தி அழகுப் போட்டியின் மேடையிலும் ஏறினால் என்ன நேரும் என்னும் கேள்வி எழுகிறது.

ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக்கின் காலத்தில், தொலைக்காட்சியில் தோன்றும் பெண்கள் தலையைத் துப்பட்டாவால் மூட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அதற்கு உடன்படாத தொலைக்காட்சித் தொகுப்பாளர் மஹ்தாப் ராஷ்டி, தம் நிகழ்ச்சியையே துறந்து வெளியேறினார். செய்தி வாசிப்பவரின் கூந்தலையே பொறுக்காத ஓர் அதிகாரம் அழகுப் போட்டியை எங்ஙனம் பொறுக்கும்? ஆகவே பாகிஸ்தானின் மகுடம் பாகிஸ்தானுக்கு வெளியே பிறந்தது. 2002-இல் கனடாவில் சோனியா அஹ்மத் என்பவர், புலம்பெயர்ந்த பெண்களைக் கொண்டு 'மிஸ் பாகிஸ்தான் வேர்ல்ட்' போட்டியைத் தொடங்கினார். ஏறத்தாழ இரண்டு தசாப்தங்கள் அந்நிய மண்ணில் சூட்டப்பட்ட அந்த மகுடம், 2020-இல்தான் லாகூருக்கு வந்து சேர்ந்தது. அழகுப் பட்டம் சூடிய பாகிஸ்தானியருள் வைத்தியப் பட்டம் பெற்ற பெண்ணும் உண்டு.

வார்டில் இரவு முழுவதும் விழித்திருந்தவள் மறுவாரம் மேடையில் நடப்பது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, உபகண்டத்தின் சரித்திரத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. பம்பாயில் கோவா வம்சாவளியில் பிறந்த ரீட்டா ஃபாரியா, கிராண்ட் வைத்தியக் கல்லூரியின் மாணவியாக இருந்தபோது, 1966 நவம்பர் 17-ஆம் நாள் லண்டனில் உலக அழகிப் பட்டத்தை வென்றார். அப்பட்டம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. வைத்தியராக விரும்புவது ஏன் என்று மேடையில் வினவியபோது, தம் நாட்டுக்குப் பிரசவ வைத்தியர்கள் தேவை என்ற கருத்திலேயே அவர் விடையிறுத்தார். அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் குழுவோடு வியட்நாமில் அமெரிக்கப் போர்வீரர்கள் முன்னிலையில் அவர் தோன்றியது தாய்நாட்டு அரசாங்கத்தின் அதிருப்தியைச் சம்பாதித்தது. திரைப்பட வாய்ப்புகள் காத்திருந்தன. ஓராண்டு முடிந்ததும் அவர் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் படிப்பைத் தொடர்ந்தார். பின்னர் ஒரு வைத்தியரையே மணந்து அயர்லாந்தில் டப்ளின் நகரில் வாழ்ந்தார். ஓராண்டுக் காலம் தலையில் இருந்த மகுடம் அவரிடமிருந்து வைத்தியத்தைப் பறிக்கவில்லை. பம்பாயிலோ கராச்சியிலோ வைத்தியம் கற்ற எத்தனையோ பெண்களிடமிருந்து அதைப் பறித்தது, எவரும் ஆட்சேபிக்காத மணமாலை.

இதைச் சொல்லும்போது, அழகுப் போட்டி என்னும் ஏற்பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக வாசகர் கருத வேண்டாம். பெண்ணை நிறுத்தி, நடக்கவிட்டு, எண்ணிட்டு மதிப்பிடும் வழக்கத்தில் எனக்கு உவப்பில்லை. ஆயினும், பெண் பார்க்கும் கூடத்தில் நிறத்தையும் உயரத்தையும் அளந்து, கூடுதல் ஆபரணமாக வைத்தியப் பட்டத்தையும் எண்ணிச் சேர்த்துக்கொள்ளும் சமூகம், அதே பெண் தானே விரும்பி ஒரு மேடையில் ஏறும்போது மட்டும் தர்மம் பேசுவதை என்னால் ஏற்க இயலவில்லை. வீட்டார் தேர்ந்து சூட்டும் அலங்காரம் கௌரவம், தானே தேர்ந்து சூடுவது அபசாரம் என்னும் நியாயத்தில், குற்றமாகக் கருதப்படுவது அலங்காரமன்று; தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே.

2023-இல் அந்நியாயம் உலகறிய வெளிப்பட்டது. கராச்சியில் பிறந்த எரிக்கா ராபின் என்னும் கிறிஸ்தவப் பெண், மாலத்தீவில் நடந்த தேர்வில் வென்று, பாகிஸ்தானின் பெயரால் பிரபஞ்ச அழகிப் போட்டிக்குச் செல்லும் முதல் பெண்ணானார். ஜமாஅத்-இ-இஸ்லாமி கட்சியின் செனட்டர் முஷ்தாக் அஹ்மத் கான் அது வெட்கக்கேடு என்று கண்டனம் முழங்கினார். தற்காலிகப் பிரதமர் அன்வாருல் ஹக் காக்கர் விசாரணைக்கு உத்தரவிட்டதாகச் செய்திகள் வந்தன. அரசாங்கம் எவரையும் நியமிக்கவில்லை என்று மந்திரி ஒருவர் அறிக்கை விடுத்தார். அப்பெண்ணோ அவ்வாண்டு நவம்பரில் எல் சால்வடார் நாட்டின் மேடையில், நீச்சல் உடைச் சுற்றில் உடல் முழுவதையும் மறைக்கும் உடையணிந்து நடந்து, இறுதி இருபதின்மருள் ஒருவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்று எழுந்த கண்டனக் குரல் புதியதன்று. ஜியாவின் காலத்தில் கேட்ட அதே குரல்தான். அதை எதிர்த்து 1983 பிப்ரவரி 12 அன்று, லாகூரின் மால் சாலையில் உயர்நீதிமன்றத்தை நோக்கிப் பெண்கள் நடந்த ஊர்வலத்தையும், அவர்கள்மேல் பாய்ந்த தடியடியையும் அடுத்த இதழில் விவரமாகக் காண்போம்.