உப்பைக் குறைப்பது யார் பொறுப்பு?

அரசுகள் உப்பின்மேல் கைவைத்த வரலாறு நெடியது. அதன் பெரும்பகுதி வரியின் வரலாறு. புரட்சிக்கு முந்தைய பிரான்சில் 'கபெல்' என்னும் உப்புவரி இருந்தது. அந்நாட்டின் பல மாகாணங்களில் எட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு உப்பை அரசுக் கிடங்கிலிருந்து வாங்கியே தீரவேண்டும் என்பது சட்டம். 1790-இல்தான் அது ஒழிந்தது. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டத்தையும், அதனை எதிர்த்து 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் நடந்த அறப்போரையும் நாம் அறிவோம். இவ்வரியின் கொடுமை அதன் சமத்துவத் தோற்றத்திலேயே இருந்தது. செல்வரும் வறியவரும் உண்ணும் உப்பு ஏறத்தாழ ஓரளவே. ஆகவே செலுத்தும் வரியும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வறியவரின் வருவாயில் அது தின்ற பங்கு பெரிது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த உறவு தலைகீழாயிற்று. மிகுதியான உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது, பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கிறது என்பது தெளிவாகத் தெளிவாக, 'உப்பை வாங்கு' என்ற அரசு 'உப்பைக் குறை' என்று சொல்லத் தொடங்கியது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் உண்பதோ சராசரியாக 10.8 கிராம். எல்லா நாடுகளுக்கும் ஒன்றுபோல் சொல்லப்படும் இவ்வறிவுரையிலும் பழைய உப்புவரியின் சாயல் உண்டு என்று நாம் கருதுகிறோம். அளவு ஒன்று, அதைச் சுமப்பவரின் வலிமை ஒன்றல்ல.

வெற்றி பெற்ற நாடுகளை முதலில் நோக்குவோம். ஃபின்லாந்தின் வட கரேலியா மாநிலத்தில் இதயநோய்த் தடுப்புத் திட்டம் 1972-இல் தொடங்கியது. அப்பத்தாண்டின் இறுதியில் நாடு முழுவதும் உப்பைக் குறைக்கும் முயற்சி எழுந்தது. 1993 முதல், உப்பு மிகுந்த ரொட்டி, இறைச்சிப் பண்டங்கள் முதலியவற்றின் உறையில் அவ்வாறே அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. 1979-இல் சுமார் 12 கிராமாக இருந்த நாட்டின் சராசரி, 2002-இல் 9 கிராம் அளவுக்கு இறங்கியது. பிரிட்டன் 2006-இல் உணவு வகைதோறும் உப்பளவுக்கு இலக்கு வகுத்தது. அங்கே 2000-01-இல் 9.5 கிராமாக இருந்தது 2011-இல் 8.1 கிராமாயிற்று.

இவ்விரு நாடுகளிலும் உண்பவர் பெரிதாக எதையும் துறக்கவில்லை. அங்கெல்லாம் மக்கள் உண்ணும் உப்பில் பெரும்பகுதி, பிரிட்டனில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஆலையிலேயே உணவில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அரசு விரல்விட்டு எண்ணத்தக்க பெருநிறுவனங்களோடு பேசினால் போதும். ரொட்டியில் உப்பு ஆண்டுக்குச் சிறிது சிறிதாகக் குறைந்தது. நாவும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது.

ஏழை நாடுகளின் நிலை வேறு. அங்கே உப்பு பெரும்பாலும் அடுக்களையில், சமைப்பவரின் கையால் விழுகிறது. குழம்பிலும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் உள்ள உப்புக்கு எந்த நிறுவனத்தோடு பேச்சு நடத்துவது? இங்கே 'குறை' என்ற சொல் அரசிடமிருந்து கிளம்பி, இடையில் எங்கும் நிற்காமல், நேரே சமைக்கும் பெண்ணின் தலையில் இறங்குகிறது.

வீட்டு உப்பைக் குறைக்கவே இயலாதா எனில், ஜப்பான் விடை தருகிறது. வடகிழக்கு ஜப்பானின் அகிதா பகுதியில், 1950களில் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கும் மேல் உப்பு உண்டதாகக் கணக்கிட்டனர். நீண்ட பனிக்காலத்துக்கென உப்பிலிட்ட காய்களும் மீனும், மிசோ சூப்புமே அதற்குக் காரணம். பக்கவாதச் சாவுகளும் அங்கே மிகுதி. ஊர்தோறும் இரத்த அழுத்தப் பரிசோதனையும், பொதுச் சுகாதாரச் செவிலியரின் உழைப்பும் நிலையை மாற்றின. நகானோ மாநிலத்தில் தொண்டர்கள் வீடுகளுக்கே சென்று மிசோ சூப்பின் உப்பளவைச் சோதித்தனர். இவற்றோடு குளிர்சாதனப் பெட்டி வந்தது. பனிக்காலத்திலும் பச்சைக் காய்கறி கிடைத்தது. அறிவுரைக்குப் பின்னால் செவிலியரும் சாலையும் மின்சாரமும் நின்றன. இத்தனையும் செய்த ஜப்பானே இன்னும் 10 கிராம் அளவில்தான் நிற்கிறது என்பதையும் மறத்தலாகாது.

அண்மைக் காலத்தில் மற்றொரு வழி தெரிகிறது. வடசீனத்தின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. பாதிக் கிராமங்களில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த மாற்று உப்பு தரப்பட்டது. பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஆய்வில் அவ்வுப்பு இலவசம். கடையில் அதன் விலை சாதாரண உப்பைப்போல் ஒன்றரை மடங்கு. சிறுநீரக நோயாளருக்கு அது ஆபத்தாகவும் கூடும். தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர் மிகுந்த நாட்டில், மலிவான மருந்தும் மருத்துவமனையைக் கேட்கிறது.

இதற்கிடையில் ஆலை உணவு ஏழை நாடுகளின் சந்தையிலும் நிறைந்து வருகிறது. உப்பைக் குறைக்கும் தொழில்நுட்பம் இல்லை என்ற வாதம் நிற்காது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரே துரித உணவு நிறுவனத்தின் ஒரே வகைக் கோழித் துண்டுகளில், 100 கிராமுக்கு பிரிட்டனில் 0.6 கிராமும் அமெரிக்காவில் 1.6 கிராமும் உப்பு இருந்தது. வேறுபாட்டை உண்டாக்கியது சமையல் நுட்பமன்று, கேட்பாரின் வலிமை. அமெரிக்காவிலேயே இப்படியெனில், சிறிய நாடு ஒன்றின் குரலுக்கு எவ்வளவு மதிப்பிருக்கும்? எனினும் வழி இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்கா, ரொட்டி உள்ளிட்ட பல பண்டங்களுக்கு உச்சவரம்பு விதித்து 2013-இல் ஆணை பிறப்பித்து, 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. வேண்டுகோளுக்குச் செவிசாய்க்காத நிறுவனமும் சட்டத்துக்குப் பணிந்தாக வேண்டும்.

2013-இல் உலக நாடுகள், 2025-க்குள் உப்பை 30 விழுக்காடு குறைப்பதாக உறுதி பூண்டன. கட்டாயச் சட்டங்களோடு முழுமையான திட்டம் கொண்ட நாடுகள் ஒன்பதே என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிரேசில், மெக்சிகோ, மலேசியா, ஸ்பெயின் முதலியன அப்பட்டியலில் இருந்தன; வறிய நாடு ஒன்றுகூட இல்லை. ஆனால் இதய, இரத்தக்குழாய் நோய்ச் சாவுகளில் முக்கால் பங்குக்கு மேல் நிகழ்வது குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளிலேயே. கெடு கடந்துவிட்டது.

பழைய அரசு, வறியவரின் உப்பிலிருந்து பணம் எடுத்தது. இன்றைய அரசு அதே உப்பைக் குறைக்கச் சொல்லும்போது, அங்கே பணம் இட வேண்டும். செவிலியருக்கும் பரிசோதனைக்கும் மாற்று உப்பின் விலைக்கும் செலவிடாத அரசின் அறிவுரை, கடமையைச் சமைப்பவரிடம் தள்ளிவிடும் ஓர் உத்தி மட்டுமே.