கிணற்றிலிருந்து பனியன் கம்பெனிக்கு

கட்டடம், எந்திரம் போன்ற நிலையான மூலதனத்துக்குப் போன பங்கு 1950களின் தொடக்கத்தில் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. 2007-08 வாக்கில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அந்தச் சொத்து யாரிடம் சேர்ந்தது? திருப்பூரைப் பாருங்கள்.

கொங்கு வறண்ட நிலத்தில் பெரிய முதலீடு கிணறுதான். நிலமும் கிணறும் பெரும்பாலும் கவுண்டர்களுடையவை. கவலை இறைக்கத் தோல் பறி தைத்தவர்களும் பண்ணையத்தில் பாடுபட்டவர்களும் அருந்ததியர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மின்மோட்டார் பரவப் பரவப் பறி தைக்கும் வேலையும் போனது.

நிலம் இருந்தவர்களில் பலர் பனியன் கம்பெனியில் வேலை பழகி, சொந்தபந்தத்தில் பணம் புரட்டி, எந்திரம் வாங்கி முதலாளி ஆனார்கள். "உழைத்து முன்னேறினோம்" என்கிறார்கள். உழைத்தது உண்மை. நம் மக்களும் காட்டிலும் கம்பெனியிலும் உழைத்தார்கள். ஆனால் அடமானம் வைக்க நிலமில்லை, ஜாமீன் போட ஆளில்லை.

1999இல் ஒன்றிய அரசு ஜவுளி எந்திரக் கடனுக்கு வட்டி மானியம் கொடுத்தது. கடன் வாங்க முடிந்தவருக்குத்தானே வட்டி மானியம்? சொத்து இருந்த இடத்திலேயே சொத்து மேலும் சேர்ந்தது.

முதலீட்டுக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.