"நாந்தேன் சொன்னது": இங்கிலீஷில் சொன்னா ஏன் தப்பாகுது?

மதுரைப் பக்கம் "யாருடா இதைச் சொன்னது?"ன்னு கேட்டா "நாந்தேன்"னு பதில் வரும். ஒரு 'தேன்' போட்டா போதும், அழுத்தம் மொத்தமும் ஆள் மேல விழுந்துரும். இதே வேலைக்கு இங்கிலீஷ்காரர் வாக்கியத்தையே ரெண்டாப் பிளக்கிறார்: 'இட் ஈஸ் ஐ ஹூ...'. இதுக்கு 'கிளெஃப்ட்' (பிளவு வாக்கியம்) என்று 1937-ல் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன்.

அந்த 'ஹூ'வுக்கு அப்புறம் 'ஆம்' வருமா, 'ஈஸ்' வருமா? நம்ம பிள்ளைங்க நிறைய பேர் 'ஈஸ்' போடுவாங்க. காரணம் நம்ம தமிழில் இருக்கு. சொன்னது நாந்தேன், சொன்னது நீதேன், சொன்னது அவய்ங்கதேன்... ஆள் மாறினாலும் 'சொன்னது' மாறாது பாருங்க!

இங்கிலீஷ் கதை வேற. 14-ஆம் நூற்றாண்டில், சாசர் காலத்தில், 'இட் ஆம் ஐ' என்றே எழுதினார்கள். வினை 'இட்'டைப் பார்க்காமல் 'ஐ'யைப் பார்த்தது. பிறகு 'இட்' எழுவாய் ஆகி, முதல் வினை 'ஈஸ்' என்று உறைந்துபோச்சு. 'ஹூ'வுக்குப் பின்னால் வரும் வினை மட்டும் இன்னும் ஆளைப் பார்க்குது.

பேச்சில் 'இட் ஈஸ் மீ' பரவியது. 1762-ல் ராபர்ட் லவ்த், 1795-ல் லிண்ட்லி மர்ரே போன்ற இலக்கணக்காரர்கள் 'ஐ'தான் சரி என்றார்கள். மதுரைக்கு அமெரிக்க மிஷன் வந்தது 1834-ல். அவங்க கல்லூரி 1881-ல். அப்புறம் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் வேற. பள்ளிக்கூட இங்கிலீஷ் என்றாலே இந்தச் சட்டம்தான் என்றாகிவிட்டது.

சுருக்கமா கணக்கு இதுதான்:
- முதல் வினை எப்பவும் ஒருமை. பத்துப் பேர் செய்திருந்தாலும் 'இட் ஈஸ்', 'இட் வாஸ்'தான்.
- 'ஐ' போட்டா 'ஹூ ஆம்'. 'யூ', 'தே' வந்தா 'ஹூ ஆர்'.
- பேச்சு வழக்கில் 'மீ' போட்டா 'ஹூ ஈஸ்'. இதையும் இன்றைய இலக்கணக்காரர்கள் ஒத்துக்கிறாங்க.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வரும் பிள்ளை 'ஐ ஹூ ஈஸ்' என்று எழுதினால் சிவப்பு வட்டம் விழும், வகுப்பே சிரிக்கும். அந்தப் பிள்ளை தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கு, அவ்வளவுதான். ரெண்டு வாக்கியத்தையும் பலகையில் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினா ஒரு நிமிஷத்தில் புரிஞ்சுரும். சிரிச்சுட்டா, அப்புறம் அது வாயே திறக்காது.

உங்க ஊர்ப் பக்கம் 'நாந்தேன்' எப்படிப்பா? சொல்லிட்டுப் போங்க :-)